சந்தாதாரர் பெயர்: தங்கவேல்

செப்டம்பர் 3, புதன்

ஆபீஸை மூடப்போகிறார்கள். வேலை போகாது, கட்டடம் மட்டும்தான் போகிறது என்று ரேஷ்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். ரேஷ்மா எங்கள் டீம் லீடர். என்னைவிட ரொம்பச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்டோபர் முதல் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே மருத்துவமனை பில்களைச் சரிபார்க்க வேண்டுமாம்.

அதற்கு ஒரு நிபந்தனை. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதால், பதிவு செய்து வைத்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணைப்புக்குரிய எண்ணிலிருந்து, வந்தால்தான் ஆபீஸ் சர்வர் உள்ளே விடும். வீட்டு இணைப்பின் எண் தானாக மாறிக்கொண்டே இருக்குமாம். இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. மாறாத எண் வேண்டுமென்றால் இணைய கம்பெனியில் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டாட்டிக் ஐபி என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் வாங்காதவர்கள் சென்னை ஆபீஸுக்குப் போக வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"கண்டிப்பா பண்ணிடலாம் மேடம். சந்தாதாரர் தங்கவேல் சார் மொபைலுக்கு இப்ப ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"நான் அவரோட மனைவிங்க."

"பரவாயில்லை மேடம். பக்கத்துல இருந்தா கேட்டுச் சொல்லுங்க."

வெளியே போயிருக்கிறார் என்றேன். பொய்யில்லை. போன வருஷம் ஆடியிலிருந்து வெளியேதான் இருக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். போன் போடவில்லை.

செப்டம்பர் 6, சனி

குமரேசன் அண்ணன் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இந்த யோசனை? உன் பேர்ல புதுசா ஒரு கனெக்‌ஷன் எடு. ஆதாரைக் குடுத்தா நாளைக்கே வந்து மாட்டிட்டுப் போறான். அந்த ஆளைக் கூப்பிட்டு எதுக்குக் கெஞ்சோணும்?"

"கெஞ்சறதுக்கு என்னண்ணா இருக்குது? ஒரு நம்பர்தான்."

"அதான் சொல்றேன், புதுசா எடு."

அண்ணன் சொல்வது சுலபமான வழிதான். ஆனால் புது இணைப்பென்றால் சுவரில் மறுபடி ஓட்டை போடுவார்கள். போன வருஷம்தான் வெள்ளையடித்தது. மழை வேறு வருகிற மாதிரி இருக்கிறது, ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் பழைய இணைப்பே போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். இதில் வேறு ஒன்றும் இல்லை.

அண்ணன் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருவர் போய்விட்டால் மீதி ஒருவர்தான். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை, அதை எழுதி வைக்கிறேன். அவர் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். சில மாதம் வீட்டில் இருந்தார். அண்ணன் மகள் கல்யாணம் முடிந்த கையோடு உடுமலைப் பக்கம் காற்றாலையில் எலக்ட்ரீசியன் வேலைக்குப் போனார். அங்கேயே ரூம் எடுத்தார். முதலில் ஞாயிறுதோறும் வந்தார், பிறகு எப்போதாவது. இந்தப் பொங்கலுக்குப் பின் வரவே இல்லை. வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் வெளியூர் வேலை என்பேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மதியம் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் காற்று ஹோவென்று அடித்தது.

"சொல்லு கலா."

"உங்க போனுக்கு ஒரு ஓடிபி வருமுங்க. அதைச் சொல்லோணும்."

"எதுக்கு?"

விவரம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்டாட்டிக் ஐபி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மில்லில் கேமராவுக்கெல்லாம் அவர்தான் வாங்கிப் போட்டாராம். எனக்கு அதுவும் தெரியாது.

இணைய கம்பெனியையும் லைனில் சேர்த்தேன், அவர் போனுக்கு எண் வந்தது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்துச் சொல்வதற்குள் காலாவதியாகிவிட்டது. நாளைக்குத்தான் மறுபடி கேட்க முடியும் என்றார்கள்.

"சரி, நாளைக்குக் கூப்பிடு" என்றார். "கண்ணாடியைக் கழட்டாம இருக்கறேன்."

இருமல் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஓடிபி சொன்னார். வேலை முடிந்தது. போனை வைக்கும்போது "சாப்பிட்டியா?" என்றார். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவிலான நேரம். எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறீர்கள் என்று சிரித்திருக்கலாம்.

"ஆச்சுங்க" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மாறாத எண் வந்துவிட்டது. அவர் போனுக்குத்தான் வந்தது. எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். மேலே பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே இதற்கு முன் இருப்பது பொங்கல் வாழ்த்துப் படம். அதுவும் யாரோ அனுப்பியதை அவர் எனக்கு அனுப்பியது. அதற்கு நான் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

ரவுட்டர் எங்களுடைய சொந்த ரவுட்டர். அதில் இந்த எண்களை நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம், கம்பெனி ஆள் வரமாட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் போனில் அவர் சொல்லச் சொல்ல ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். தானாக எண் வாங்கிக்கொள் என்று இருக்கும் இடத்தை மாற்றி, நாமே கொடுக்கும் எண் என்று வைக்க வேண்டும். பிறகு வரிசையாக நான்கு எண்கள். முதலில் நம் முகவரி. பிறகு சப்நெட் மாஸ்க் என்று ஒன்று. அதில் 255 என்பதற்கு நான் 225 என்று அடித்துவிட்டேன். பெட்டி சிவப்பாகிவிட்டது.

"என்ன கலா, திட்டுதா?"

"சிவப்பாயிடுச்சுங்க."

"ஆபீஸ்ல பில்லெல்லாம் இப்படித்தான் பாக்கறியா? ஆஸ்பத்திரிக்காரன் பொழச்சான் போ."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரித்து இருமினார். "இருமலுக்கு மருந்து வாங்கினீங்களா?" என்று கேட்டேன். "வாங்கோணும்" என்றார். அதன் பிறகு எதையெதையோ பேசினோம். அவர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மயில் வந்து கூரை ஓடுகளை உடைக்கிறதாம். இங்கே கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நாள் மாறிவிட்டதைச் சொன்னேன்.

எல்லா எண்ணையும் போட்டுச் சேமித்தோம். இணைப்பு வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டும் வரவில்லை.

"நேர்ல பாத்தாத்தான் தெரியும். ஞாயித்துக்கெழம வரட்டுமா?"

"வாங்க" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலேயே வந்துவிட்டார். ஒரு சீப்பு செவ்வாழை கொண்டுவந்திருந்தார். இளைத்திருக்கிறார், வெயிலில் கறுத்திருக்கிறார். செருப்பை வெளியே விடுவதா, எப்போதும் விடுகிற உள் ஓரத்தில் விடுவதா என்று ஒரு கணம் நின்று, வெளியே விட்டார்.

ரவுட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கேட்வே என்ற மூன்றாவது எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது.

"எட்டு போட்டிருக்கறே."

"அப்படிங்களா?"

எப்படி மாறியது என்று தெரியவில்லை. நாள் முழுவதும் எண்களையே பார்க்கிற வேலை எனக்கு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எண்ணைத் திருத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தேன். எனக்குத்தான் சாப்பிட வேண்டும் போல இருந்தது, அதனால் செய்தேன். ரசித்துச் சாப்பிட்டார். நெய் ஊற்றும்போது, இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்கண்ணன் அன்னிக்குக் கல்யாணத்துல பேசினதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல கலா. மாப்ளைக்கென்ன, பொண்டாட்டி சம்பாதிக்குது, கால்மேல கால் போட்டுச் சாப்பிடலாம்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நீ சாம்பார் வாளியோட எதிர்ல நின்னே. என்னைப் பாத்தே. பாத்துட்டு அடுத்த இலைக்குப் போயிட்டே."

"நான் பாக்கலைங்க. பந்தியில எத்தனை பேர்..."

"சரி, விடு" என்றார். "பழசு."

சாப்பிட்டு எழுந்ததும் கூடத்தில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோனேன்.

"கலா, இப்படிச் சித்த உக்காரு. உன்கிட்ட ஒண்ணு பேசோணும்."

உட்காரப் போனேன். அப்போது ரேஷ்மா கூப்பிட்டாள். ஆபீஸ் நெட்வொர்க் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து எல்லோருடைய முகவரியையும் சோதிக்கிறார்களாம், அடுத்தது என் முறையாம். "இப்ப விட்டா அடுத்த வாரம்தான்க்கா" என்றாள். அவரிடம் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனேன்.

ஒரு நிமிஷத்தில் முடியவில்லை. அதைத் திற, இதை மூடு, மறுபடி உள்ளே வா என்று இழுத்துக்கொண்டே போனார்கள். நடுவில் சமையலறைக் குழாயடியில் சத்தம் கேட்டது. சொட்டிக்கொண்டிருந்த குழாயை அவர் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டார். வெயில் சாய்ந்துவிட்டது. அப்புறம் அறைக் கதவோரம் வந்து நின்றார். தோளில் பை.

உதட்டை மட்டும் அசைத்து, "பஸ்ஸு" என்றார்.

காதில் நெட்வொர்க்காரர், "மேடம், இப்ப திரையில என்ன தெரியுது?" என்றார். நான் கதவோரம் நின்றவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். இருங்கள் என்றுதான் ஆட்டினேன். சரி, போங்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். நான் திரையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதனை வெற்றி. என் முகவரி பதிவாகிவிட்டது. கூடத்துக்கு வந்தபோது, காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

இணைப்பில் குறையில்லை. குழாயும் சொட்டவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

என்ன பேச வந்தார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சாயங்காலம் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. போனைக் கையில் எடுத்தேன். எண்ணைத் தேடுவதற்குள் விளக்கு தானாகப் பச்சையாகிவிட்டது. எனக்கு அதன்மேல் கோபம் வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

ஆபீஸில் இருக்கும்போது இணைய கம்பெனியிலிருந்து அழைப்பு.

"கலாமணி மேடங்களா? தங்கவேல் சார் அவரோட கனெக்‌ஷனை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கார். உங்க மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும், சொன்னா மாறிடும். ஐபி அதேதான் இருக்கும், கவலை வேண்டாம்."

ரேஷ்மா பக்கத்தில் நின்று எதற்கோ கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் எண்ணைச் சொல்லிவிட்டேன். "நன்றி மேடம், இனி நீங்கதான் சந்தாதாரர்" என்றார்கள். போனை வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

படிக்கட்டுக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன்.

"எதுக்குங்க பேரை மாத்தினீங்க?"

"நான் வெளிநாடு போறேன் கலா. ஓமன்ல காத்தாலை போடறாங்க. எங்க சூப்பர்வைசரும் போறார். இந்த நம்பர் இனிமே இருக்காது. உனக்கு நெட்டுல எதாச்சும் ஆச்சுன்னா ஓடிபிக்கு யாரைத் தேடுவே? அதான்."

"அன்னிக்கு இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?" என்றேன்.

"சொல்லறதுக்கில்ல. கேக்கறதுக்கு. போகட்டுமா, வேண்டாமான்னு."

"கேக்கலையே நீங்க."

"நீ வேலையா இருந்தே." குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார். "கதவுகிட்ட நின்னு பாத்தேன். நீ போங்கன்னு தலையை ஆட்டினே. சரின்னு செவ்வாக்கெழம கையெழுத்துப் போட்டுட்டேன்."

நான் ஆட்டியது போங்கள் என்றல்ல, இருங்கள் என்றுதான் என்று அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். படியில் யாரோ ஏறி வந்தார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"எத்தனை வருஷமுங்க?"

"ரெண்டு. இடையில ஒரு லீவு உண்டு. வர்ற ஞாயித்துக்கெழம காலையில பிளைட்டு."

"நல்லதுங்க" என்றேன்.

நல்லதுங்க என்று சொன்னேன்.

செப்டம்பர் 25, வியாழன்

போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். காலையில் அவர் டியூட்டியில் இருப்பார் என்று விடுகிறேன். மதியம் தூங்குவார் என்று விடுகிறேன். பிறகு நான் பஸ்ஸில் இருக்கிறேன், பஸ்ஸில் இதைப் பேச முடியாது.

அண்ணன் போன் செய்தான். கேள்விப்பட்டானாம். "நல்லதாப் போச்சு, நாலு காசு பாக்கட்டும்" என்றான். "நீ கல்யாணத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணா" என்றேன். "எந்தக் கல்யாணத்துல? என்ன பேசினேன்?" என்றான். அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பீளமேடு விமான நிலையத்துக்குப் போனேன். வருவதாகச் சொல்லவில்லை. காலை விமானம், ஷார்ஜா போய் மாற வேண்டும். கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். சூப்பர்வைசர் குடும்பத்தோடு ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தார். குழந்தைகள், மாமியார், தட்டு நிறைய இட்லி. இவர் தூணோரம் தனியாக, புதுப் பெட்டியின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "நீ எப்படி வந்தே? பஸ்லயா?" என்றார்.

"பஸ்லதான். இருமல் மருந்து வாங்கிட்டு வந்தேன்."

வாங்கிப் பைக்குள் வைத்தார். குளிரில்லாத ஊர், அங்கே இருமல் வராது என்றார். அங்கே வெயில் எப்படி, சாப்பாடு யார் செய்வார்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவரைக் கூப்பிட்டார்கள். பெட்டியை நிமிர்த்தினார்.

அப்போது சொன்னேன். "போகாதீங்க."

நின்றுவிட்டார். நான் மறுபடியும் சொன்னேன். "போக வேண்டாமுங்க. ஊட்டுக்கு வாங்க. எனக்கு நீங்க வேணும்." சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. சூப்பர்வைசரின் மாமியார் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"விசா அடிச்சாச்சு கலா. என்னையும் சேத்துத்தான் இத்தனை ஆள் வருதுன்னு கணக்குக் குடுத்திருக்காங்க. இப்ப நின்னா சூப்பர்வைசருக்கும் கெட்ட பேரு." பிறகு மெல்ல, "அந்த ஞாயித்துக்கெழம நீ இதுல பாதி சொல்லியிருந்தாக்கூட நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்" என்றார்.

என் தலையில் கை வைத்தார். எடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், திரும்பிக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

போய்ச் சேர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. வேறொரு நாட்டு எண்ணிலிருந்து. "சரிங்க, உடம்பைப் பாத்துக்குங்க" என்று அனுப்பினேன். வேறு என்னவெல்லாமோ எழுதி அழித்தேன்.

அக்டோபர் 1, புதன்

வீட்டிலிருந்து முதல் நாள் வேலை. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டேன். சர்வர் என்னை உடனே உள்ளே விட்டது. டீமில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாகவில்லை. ஒருவருக்கு முகவரி தவறு, ஒருவருக்கு நடுவில் நின்று போகிறது. காலைக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ரேஷ்மா மட்டும் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க லைன்தான்க்கா டீம்லயே பெஸ்ட். யார் செட் பண்ணிக் குடுத்தாங்க? எங்க வீட்டுக்கும் அனுப்புங்களேன்."

"எங்க வீட்டுக்காரர்தான் பண்ணினார்."

"அப்படியா! சார் இந்த வேலைதான் பாக்கறாரா?"

"இல்ல ரேஷ்மா. ஓமன்ல இருக்கார். இப்பத்தான் போனார்."

"ஐயோ, அவ்வளவு தூரமா? ஏன்க்கா விட்டீங்க?" விளையாட்டாகத்தான் கேட்டாள். திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை அணைத்தேன். அப்புறம் அவளுக்குப் பதில் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம், அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் வாயசைப்பதைப் பார்த்து, அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து காதில் கை வைத்துக் காட்டினாள்.

"அக்கா, உங்க குரல் வரலையே. நெட் போயிடுச்சா?"

மைக்கைப் போட்டேன்.

"இல்ல ரேஷ்மா" என்றேன். "நெட் நல்லாத்தான் இருக்குது."